அக்கா சொன்னது வேறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். படி ஏறும்போது மட்டும் முழங்கால் உயிரை வாங்குகிறது. உன் வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்திருக்கிறேன். வாரம் ஒருமுறை ஜன்னலைத் திறந்து காற்றாட விடுகிறேன்.

நீ போதகருக்கு எழுதிய கடிதத்தைப் போன ஞாயிறு ஆராதனையில் அவர் வாசித்தார். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் மிதித்துப் பிழைக்கிற ஒருத்தர் இரண்டு வருஷம் என் அம்மாவைப் பெற்ற பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டார், அவர் எனக்குத் தேவதூதர் என்று நீ எழுதியிருந்த இடத்தைப் போதகர் இரண்டு தரம் வாசித்தார். சபை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எவ்வளவு தாழ்மை பாருங்க என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது காதில் விழுந்தது. உன் அம்மா ஞாபகமாக ஆலயச் சுவரில் ஒரு கல் பதிக்க வேண்டும், அதில் என் பேரும் இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாயாம். கல்லுக்குச் சொல்லியாகிவிட்டது.

உன் கடிதத்தின் கடைசி வரியையும் அவர் விடாமல் வாசித்தார். வேலைக்காக நான் விட்டுவிட்டு வந்ததை அம்மா கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை, கடைசி மூன்று மாசம் போனில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, எனக்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் உன்னிடம் பேசியதெல்லாம் போதும்.

நான் அக்கா என்று கூப்பிடும் உன் அம்மாவுக்கு வலது கையும் காலும் விழுந்துபோன வாரம், சபைப் பெண்கள் ஐக்கியத்தில் யார் போய்ப் பார்த்துக்கொள்வது என்று கேட்டார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான் கை தூக்கினேன். இரக்கமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கையைத் தூக்கியதும் தலைவி என்னைப் பார்க்கிறாளா என்றுதான் பார்த்தேன். இருபது வருஷம் பாடகர் குழுவுக்கு அங்கி தைத்துக் கொடுத்தவள் நான். தையல்காரம்மா, கை கொஞ்சம் லூசா இருக்கு என்பதைத் தவிர அந்தச் சபையில் ஒருத்தர் என்னோடு முகம் பார்த்துப் பேசியதில்லை. உன் சித்தப்பா, என் வீட்டுக்காரர், போய்ச் சேர்ந்த பிறகு வாசலோரக் கடைசி பெஞ்சில் நான் வந்தேனா வரவில்லையா என்று கேட்கவும் ஆள் கிடையாது.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. வெந்நீரில் உடம்பு துடைத்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், ரப்பர் விரிப்பைத் தினமும் அலசிப் போட்டேன். முதுகில் ஒரு புண் வந்ததில்லை. ஆனால் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஐக்கியத்துப் பெண்கள் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நேரம் கடந்தும் வரவில்லை. உடம்பு துடைத்துக்கொண்டிருந்தவள், அவர்கள் கண்ணால் பார்க்கட்டும் என்று பாதியில் நிறுத்திவிட்டேன். அரை மணி நேரம் அக்கா ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு கிடந்தார்கள். நான் தண்ணீர்ப் பேசினை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கத்தில் என்னைச் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு முன் வரிசையில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள். பாப்பா, அந்த ருசி பொல்லாதது.

அக்காவின் குழறல் பேச்சு என் ஒருத்திக்குத்தான் புரியும். அது உனக்கும் தெரியும். ஞாயிறு மத்தியானம் நீ போன் பண்ணுவாய், நான் அவர்கள் காதோரம் பிடிப்பேன், அம்மா என்ன சொல்றாங்க சித்தி என்று கேட்பாய். வெகு நாள் வரைக்கும் அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். ஒரு ஞாயிறு நீ கேட்டாய்: அம்மா வான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், லீவு போட்டு வந்து கையோட கூட்டிட்டு வந்துடுறேன் என்று. அக்கா சொன்னார்கள். எனக்குத் தெளிவாகவே புரிந்தது.

போனை என் காதுக்கு எடுத்துக்கொண்டேன். நீ கூட்டிக்கொண்டு போய்விட்டால் திங்கட்கிழமை காலையில் நான் எந்த வீட்டுக் கதவைத் திறப்பேன்? என்னை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? இங்கேயே நல்லாத்தான் இருக்கேன், நீ உன் வேலையைப் பாருன்னு சொல்றாங்க என்றேன்.

அக்காவுக்கு நாக்குதான் குழறியது. காதில் பழுதில்லை. என் முகத்தையே பார்த்தார்கள். இடது கையால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். அடுத்த மூன்று ஞாயிறும் அதே பொய்தான். அதன்பிறகு போன் அடித்தாலே அவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தார்கள். களைச்சுப் போயிட்டாங்க என்றேன். என் மேல கோபமா சித்தி என்று கேட்டாய். இல்லை என்று சொல்ல எனக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும்? நான் சொல்லவில்லை. அவர்கள் பேசாமல் இருந்தது உன்னோடு இல்லை, என்னோடு.

ஒரே ஒரு நாள், துடைத்துவிடும்போது வாயைத் திறந்தார்கள். நீ எனக்காக வரலைன்னு முதல் நாளே தெரியும், ஆனா தண்ணி சூடா இருந்துச்சு என்றார்கள். அதைச் சொல்லி முடிக்க அவர்களுக்கு வெகு நேரம் ஆனது. நான் பிழிந்த துணியோடு கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதாவது உனக்குப் போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

செவ்வாய்க்கிழமை போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்தது நடந்துபோச்சும்மா, அந்தப் பிள்ளை மனசை ஏன் புண்படுத்தணும், சபைக்கும் இடறலா, கெட்ட பேராப் போயிடும், ஆண்டவர் உங்க சேவையைத்தான் பார்ப்பார் என்றார். கேட்டதும் அப்பாடா என்று இருந்தது எனக்கு. வீட்டுக்கு வந்து உன் வீட்டு ஜன்னலைத் திறக்கப் போனேன். திறக்கக் கை வரவில்லை. திரும்பி வந்து பேனாவை எடுத்தேன்.

அந்த நான்கு ஞாயிறும் உன் அம்மா உனக்குச் சொன்னது இதுதான். முதல் வாரம், பாப்பாவை வரச் சொல்லு என்றார்கள். அடுத்த வாரம், அவளை அனுப்பினதே நான்தானே, அவ மேல எனக்கென்ன வருத்தம் என்றார்கள். மூன்றாவது வாரம், அவ வந்து ஒருவாட்டி தலை சீவிவிட்டாப் போதும் என்றார்கள். நான்காவது வாரம் வேறொன்றும் சொல்லவில்லை. பாப்பா, பாப்பா, பாப்பா என்று உன்னைக் கூப்பிட்டார்கள், அவ்வளவுதான்.

கல்லில் என் பேர் வேண்டாம் என்று நீயே போதகருக்கு எழுதிவிடு. நான் சொன்னால் அதையும் தாழ்மை என்று சொல்லி இன்னும் பெரிய எழுத்தில் வெட்டச் சொல்வார்கள்.

ஆண்டவர் உன்னைத் தேற்றட்டும். அம்மாவுக்கு உன் மேல் கோபம் இருந்தது என்று இனி ஒரு நாளும் நினைக்காதே. என்னைத் திட்டி எழுது, சபைக்கு எழுது, எழுதாமலேயும் இரு. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதே, பாப்பா. எழுதினால் அதையும் எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்டுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
சித்தி