இரண்டாவது கியர்

என் கோபக்காரிக்கு,

வண்டி ஏன் இன்னும் வரவில்லை என்று நர்ஸிடம் எரிந்து விழுந்தாயாமே. ஆம்புலன்ஸ் வேண்டாம், நம் பழைய பிக்கப்பில்தான் வருவேன் என்று அடம்பிடித்தவள் நீ. அதன் கியர்பாக்ஸ் இப்போது நம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. உன் பெரிய அண்டாவில்தான் பல்சக்கரங்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினேன். வந்து திட்டிக்கொள்.

நேற்று உன் தம்பி வந்தான். "மாமா, போன வாரமே மாட்டி ஓட்டிப் பாத்தீங்களே, நல்லாத்தானே ஓடுச்சு? மறுபடி ஏன் பிரிச்சீங்க?"

"ஏதோ சத்தம் வருதுடா" என்றேன். ஒரு சத்தமும் வரவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற அன்றுதான் மறுபடி பிரித்தேன். உன்னிடம் வந்து சொன்னபோது, "அப்பாடா, விட்டாங்களே" என்றாய். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

நாளை மாட்டிவிடுகிறேன். வந்துவிடுகிறேன். பல் தேய்ந்த சக்கரத்தை மாற்றியாகிவிட்டது. மேடு ஏறும்போது இரண்டாவது கியர் இனி நழுவாது; பக்கத்தில் உட்கார்ந்து நீ அதை அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனாலும் என் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொள். வீடு வந்த பிறகும் கையை எடுக்காதே.

உன் டிரைவர்