விஷ்ணு வாங்கிய பெரிய மானிட்டர்

சனிக்கிழமை.

பேத்தி டாக்டராகிவிட்டாள். பெரிய பேரன் துபாயில் என்ஜினீயர். என்னோடேயே வளர்ந்த சின்னவன் விஷ்ணுவுக்கும் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை. இன்று அங்கே ஃபிளாட்டுக்குக் குடிபோய்விட்டான்.

போகிற வழியில் மானிட்டர் வாங்க என்னையும் கிழக்கேகோட்டைக் கடைக்குக் கூட்டிப்போனான். இருப்பதிலேயே பெரியதைக் காட்டினேன்.

"இதுல கூப்பிடுடா, என் மூஞ்சி முழுசாத் தெரியும்."

"அய்யோ பாட்டி, இது கேம் விளையாட, சினிமா பாக்க. பேசத்தான் போன் இருக்கே!"

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஆனாலும் அதையே வாங்கினான்.

"காணாம் பாட்டி" என்று இந்த ஊர் மலையாளத்தில் சொல்லிவிட்டு, பெட்டியோடு ஆட்டோ ஏறினான். பார்க்கலாம் என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து அவன் அறையைத் திறந்தேன். தமிழில்தான் வாயில் வந்தது, காணோம் என்று.

அவனை மானிட்டர் பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லவேண்டும். போனில் வேண்டாம். பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பட்டும், அவன் அறையில் மாட்டிவைக்க.