மேல் தெருவுக்கு மட்டும் கடும் பனி

பிப்ரவரி 9

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் என் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்தான்.

பஸ் டிரைவர் தம்பி உன் கடிதத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். குளிர் போகும்வரை உன் வீட்டில் வந்து இருக்கச் சொல்கிறாய். வர மாட்டேன். காரணம் உனக்குத் தெரியும். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். பேத்தியின் முதல் பிறந்தநாள் அன்று கூடம் நிறைய ஆட்கள். உன் வீட்டுக்காரர் தட்டை ஏந்திக்கொண்டு, "அத்தை வந்தா மழை வருதோ இல்லையோ, சண்டை கண்டிப்பா வரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. அந்த லட்சணத்தில் எனக்கு முன்னறிவிப்பு சொன்னார்! நீயும் சிரித்தாய். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் எனக்குத் தெரியாதா?

அவர் வாங்கிக் கொடுத்த போன் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அதனால் மணியடித்துப் பார்க்காதே. விறகு இருக்கிறது, கம்பளி இருக்கிறது. எனக்கு ஒன்றும் ஆகாது.

பேத்திக்கு முத்தம்.

அம்மா

•

பிப்ரவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

சொன்னவருக்கே அது மறந்துவிட்டது. நீங்கள் பொத்தான் முதற்கொண்டு வைத்திருக்கிறீர்கள்.

அம்மா, விளையாட்டில்லை. குளிர்காலம் முடியப்போகிறது என்று ஊரே கம்பளியை மடித்து வைக்கிறது. இந்த நேரத்துக் குளிர்தான் ஆளைச் சாய்க்கும். போன வருடம் நீங்கள் காய்ச்சலில் கிடந்தது பால்காரி அக்கா கதவைத் தட்டியதால்தான் வெளியே தெரிந்தது. அன்றிலிருந்து காற்று திரும்பினாலே எனக்கு உங்கள் நினைப்புதான்.

வானிலை நிலையத்தில் இந்த வாரம் என் முறை. வரும் நாட்களுக்கான வட்டார முன்னறிவிப்பை நான்தான் எழுதுகிறேன். நாளைக் காலை ரேடியோவில் வாசிப்பார்கள். மகள் பேச்சைக் கேட்காவிட்டாலும் ரேடியோ பேச்சையாவது கேளுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மகள்

•

பிப்ரவரி 16

மகளுக்கு,

கேட்டேன். பேக்கரியில் ரொட்டிக்கு நிற்கும்போது தெருவே கூடிக் கேட்டது. "மலைச்சரிவின் மேல் தெருவிலும், குறிப்பாகத் தெருவின் கடைசி வீடுகளிலும் கடும் பனிப்பொழிவு. முதியவர்கள் பிடிவாதம் பிடிக்காமல் உறவினர் வீடுகளுக்குச் செல்லவும்."

பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாட்டி, உங்க ஒருத்திக்குன்னே ரேடியோல தனி அறிக்கை!" என்றார். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பிறகு யாரோ, "கடைசி வீடு வரைக்கும் பேர் சொல்றாங்கன்னா சும்மாவா?" என்று கேட்டார்கள். சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. மாலைக்குள் பாதித் தெரு காலி.

நான் போகவில்லை. பால்காரி போனாள். கொட்டகைக் கூரை பனியைத் தாங்காது என்று பயந்து, இரண்டு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு மழைச் சேற்றில் சரிவு இறங்கினாள். வளைவில் சினை மாடு வழுக்கி விழுந்தது. நடுரோட்டிலேயே கன்று போட்டது. உயிர் இல்லை. தாய் மாடு அதை நக்கிக்கொண்டே நின்றதாம். டிரைவர் தம்பி பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கிப்போய்க் கோணிப்பை போர்த்தியிருக்கிறார்.

வந்த பனி எவ்வளவு தெரியுமா? காலையில் உப்புத் தூவினாற்போல் இருந்தது. மத்தியானம் அதுவும் இல்லை.

நான் அதிகம் படிக்காதவள். ஒன்றே ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அந்தப் பனி வானத்தில் இருந்ததா, உன் பேனாவில் இருந்ததா?

அம்மா

•

பிப்ரவரி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

பேனாவில்தான்.

எங்களுக்கு வந்த வானிலைப் படங்களில் ஒன்றே ஒன்று மேல் தெருப் பக்கம் பனியைக் காட்டியது. மற்றவை எல்லாம் சாதாரண மழை என்றன. நான் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் ஒருவர் இறங்கி வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மற்றவர்களும் காது கொடுப்பார்கள் என்பது ஏனோ தோன்றவே இல்லை. பால்காரி அக்காவை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

யாரும் சந்தேகப்படவில்லை. மேலதிகாரிகூட, "முன்னறிவிப்புன்னா நாலு தப்பத்தான் செய்யும், விடும்மா" என்றார்.

ஆனால் அம்மா, இப்போது நிஜமாகவே வருகிறது. ஒரு படம்கூட மாற்றிச் சொல்லவில்லை. இருபத்திரண்டாம் தேதி முதலில் விழுந்த இடத்திலேயே உறையும் மழை, அதன் மேல் ஆளுயரப் பனி. பாதை அடைபடும். மின்சாரம் போகும். கூரைகள் தாங்காது. மேல் தெரு முழுவதும் இறங்கியாக வேண்டும். உங்கள் காலில் விழுகிறேன், நம்புங்கள்.

உங்கள் மகள்

•

பிப்ரவரி 18

மகளுக்கு,

நான் நம்புகிறேன். நீ எப்போது பொய் எழுதுவாய், எப்போது மெய் எழுதுவாய் என்று பெற்றவளுக்குத் தெரியும். மெய் எழுதும்போது உன் கையெழுத்து கோணும்.

தெரு நம்பவில்லை. நேற்றே இறங்கியவர்கள் எல்லாம் வீடு திரும்பிவிட்டார்கள், பால்காரியும்தான். இன்று உன் புது அறிவிப்பை வாசித்தபோது பேக்கரிக்காரர் ரேடியோவின் காதைத் திருகிப் பாட்டு வைத்துவிட்டார். நான் பால்காரி வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாட்டை அவுக்க மாட்டேன். வேணும்னா அந்த ரேடியோ வந்து சாணி அள்ளட்டும்" என்றாள். போன வருடம் என் நெற்றியில் ஈரத்துணி போட்டவள் அவள்.

எனக்காகச் செய்தேன் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டேனா? அந்தக் கன்றைக் கொண்டுவந்து என் தலையில் கட்டாதே. அது உன்னுடையது.

இப்போது கேட்டுக்கொள். போன அறிவிப்பு நீயாக ஏற்றி எழுதியது என்று அதே ரேடியோவில் வாசிக்கச் சொல். வேலை போனால் போகட்டும். உன்னைப் படிக்க வைக்க நான் அடுத்த வீட்டுத் துணியெல்லாம் துவைத்தேன், இன்னும் கையில் தெம்பு இருக்கிறது. நீ சொன்னால்தான் அவர்கள் இறங்குவார்கள். பால்காரி இறங்காமல் நானும் இறங்க மாட்டேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன், உன் பனி வந்து என்னை மூடட்டும். என் பிடிவாதத்தை ஊருக்கே அறிவித்தவள் நீ. அது எத்தனை தூரம் போகும் என்றும் தெரிந்துகொள்.

அம்மா

•

பிப்ரவரி 20

அம்மா,

இன்று மாலைச் செய்திக்கு முன்னால் வாசிப்பார்கள். நானே எழுதினேன். "பிழை நேர்ந்தது" என்று போட்டால் போதும் என்றார்கள். நான் விடவில்லை. "என் தாயை ஊரிலிருந்து இறக்குவதற்காக மிகைப்படுத்தி எழுதினேன்" என்றே போட்டிருக்கிறேன். குளிர் முடிந்ததும் விசாரணை. ஆள் பற்றாததால் அதுவரை நிலையத்திலேயே இருந்து வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போக முடியாது.

நாளை மத்தியானத்தோடு பஸ் நின்றுவிடும். இதற்குமேல் எனக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை. இறங்கிவிடுங்கள் அம்மா.

உங்கள் மகள்

•

பிப்ரவரி 23

அன்பு மகளுக்கு,

உன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இதை உன் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கேரியரோடு கொண்டுவந்து தருவார். சூடாக இருக்கும்போதே சாப்பிடு.

உன் அறிவிப்பைப் பேக்கரியில் வைத்துத்தான் கேட்டோம். எல்லோரும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நான் தலையைக் குனியவில்லை. பால்காரி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போனாள். சண்டைக்குத்தான் போகிறாள் என்று நினைத்துப் பின்னாலேயே போனேன். அவள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப சொன்னதுதான் நெசம். இவ்ளோ அசிங்கத்தை எவ பொய்யா சொல்லுவா?" என்றாள். மறுநாள் காலையில் தெரு முழுக்க இறங்கியது. பஸ்ஸில் இடம் இருந்தது. நான் ஏறவில்லை. ஆளுக்கொரு மாட்டைப் பிடித்துக்கொண்டு அவளும் நானும் நடந்தே வந்தோம். வளைவில் தாய் மாடு நின்றுவிட்டது. நாங்களும் நின்றோம். அதுவாக நகர்ந்த பிறகுதான் நடந்தோம்.

கீழே எந்தக் கொட்டகையிலும் இடம் இல்லை. நேராக உன் வீட்டுக்கே ஓட்டி வந்துவிட்டேன்.

"அத்தை, இது கார் நிக்கிற இடம்" என்றார் உன் வீட்டுக்காரர்.

"தெரியுது மாப்பிள்ளை. காருக்குக் குளிராது."

அவர் போய்க் காரை வெளியே எடுத்தார். கீழே பழைய சாக்கெல்லாம் விரித்தார். அதற்காக நான் எதையும் மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லிவைக்காதே.

நீ எழுதியது எழுதியபடியே வந்தது. பேக்கரிக் கூரை தரையோடு தரையாகிவிட்டதாம். பால்காரியின் கொட்டகையும் இல்லை. மேலே ஓர் ஆள்கூட இல்லை.

காலையில் அவள் பால் கறந்து எல்லோருக்கும் ஊற்றினாள். உன் மகள், "எங்க அம்மாவுக்கு?" என்று கேட்டாள். "உங்க அம்மாவுக்கு வேணும்னா அவங்களே வந்து எங்கிட்ட கேக்கட்டும்" என்றாள் பால்காரி. உனக்காகப் பரிந்து பேசுவேன் என்று எதிர்பார்க்காதே, பேச மாட்டேன். ரேடியோவில் சொல்வது வேறு, முகத்தைப் பார்த்துச் சொல்வது வேறு.

விசாரணையில் என்ன முடிவானாலும் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வா. பின்பக்கக் கதவை நான் பூட்டிவிட்டேன். முன்பக்கமாகவே வா. அவள் அங்கேதான் மாட்டோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அம்மா