சந்தையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ்

2-3-53, திங்கள்

காலையிலேயே புழுக்கம். சாயங்காலம் இடி மட்டும், மழை இல்லை.

நகரசபையின் சந்தைக் கமிட்டி மீட்டிங். பாஸானவை: சந்தை வாசலில் கலர் பல்பு போட்ட வளைவு. மாட்டு வண்டிகளுக்கு ரேட் ஏற்றம். ஆபீசுக்குப் புது நாற்காலி. பழம்பொரி எல்லோருக்கும் இரண்டு.

பாஸாகாதது என்னுடையது. அஜெண்டாவில் ஏழு. சந்தையில் பெண்களுக்கு ஒரு கக்கூஸ். செக்ரட்டரி ஆறு வாசித்தார், தொண்டையைச் செருமினார், எட்டு வாசித்தார். மூன்றாவது தடவை இப்படி. ஏழு எங்கே என்று கேட்டேன். சேர்மன் குறுப்பு சார் மேஜையைப் பார்த்துக்கொண்டே, மெல்ல:

"லேடி மெம்பர் இரிக்கும்போள் அது எங்ஙனே வாயிக்கும்? அடுத்ததில் ஆகட்டே."

மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். என் மேல் அத்தனை மரியாதையாம்! நான் இருப்பதால் வாசிக்க முடியாது. நான் இல்லாவிட்டால் அதை எழுதவே ஆள் இல்லை. மரியாதையைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

ஆண்களுக்கு இரண்டு மூத்திரப்புரை கட்டிக் கொடுத்திருக்கிறது. அதற்குக்கூடப் போவதில்லை, தடியன்கள். சுவர் கண்ட இடமெல்லாம் போதும்.

3-3, செவ்வாய்

வாங்க: நல்லெண்ணெய், திரி, மீனாவுக்கு ஜாக்கெட் துணி. துணி மறந்துபோயிற்று.

தங்கம்மையைப் பார்த்தேன். வித்துராவிலிருந்து முதல் பஸ்ஸில் வாழையிலைக் கட்டோடு வந்து, கடைசி பஸ்ஸில் திரும்புகிறவள். அந்த ஏழாம் நம்பரை நான் எழுதியதே அவள் சொல்லித்தான். இன்று முகம் வெளுத்து, இலைக்கட்டு மேலேயே சாய்ந்து கிடந்தாள்.

"காய்ச்சலா?"

"விட்டு விட்டு வருதுக்கா. அடிவயித்துல கத்தி வச்ச மாதிரி வலி."

"தண்ணி நெறையக் குடிக்கியா?"

"பஸ் ஏறுனா வீடு போற வரைக்கும் தொடமாட்டேன். குடிச்சா எங்க போக? நீங்களே சொல்லுங்க."

எங்கள் வீட்டுக்கு வா என்று போன மாதமே கூப்பிட்டேன். ஆரியசாலையில் முன்னால் வத்தல் மல்லி மொத்தக் கடை, பின்னால் குடித்தனம். கடைக்குள் நுழைந்துதான் பின்கட்டுக்குப் போக வேண்டும். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே, சுமட்டுக்காரர்கள் எல்லாம் பார்க்க, இரண்டு நாள் வந்தாள். மூன்றாம் நாள் ஒருத்தன் "பின்னாலே என்ன விசேஷம்?" என்று இளித்தானாம். அதோடு நின்றுவிட்டாள். அவனை வேலையை விட்டு அனுப்பும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவர் சிரித்துக்கொண்டே பேரேட்டைப் புரட்டினார்.

5-3, வியாழன்

ரசத்தில் உப்பு கூடிவிட்டது. கோபத்தில் சமைத்தால் அப்படித்தான். மீனா ஒரு வாய் வைத்துவிட்டு:

"எதுக்கும்மா இத்ர தேஷ்யம்? எங்க டைப் கிளாஸ்லயும் இதானே. வீட்டுக்கு வர வரைக்கும் நாங்க யாரும் வெள்ளம் குடிக்க மாட்டோம். பழகிப் போச்சு."

பழகிப் போச்சாம். என் வயிற்றில் பிறந்தவள். தினமும் வந்ததும் வராததுமாகப் பின்கட்டுக்கு ஓடுவாள். பசி என்று நினைத்துத் தோசைக்கல்லைப் போட்டுக்கொண்டிருந்தேன், நான் ஒரு மடச்சி.

9-3, திங்கள்

பட்ஜெட் மீட்டிங். வெங்கடேசன் கடைச் சேலை, நல்லது, கஞ்சி போட்டது. பேப்பரைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டேன்.

செக்ரட்டரி செரும ஆரம்பித்ததுமே எழுந்து நானே வாசித்தேன். மலையாளத்தில் ஒரு தடவை. போதாதென்று தமிழில் ஒரு தடவை. இரண்டிலும் கக்கூஸ் கக்கூஸ்தான். ஒருத்தர் மூக்குப்பொடி டப்பியைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார். தங்கம்மையின் காய்ச்சலைச் சொன்னேன், பெயர் சொல்லாமல்.

மாதவன் நாயர்தான் ஆரம்பித்தார். "எங்கில் லேடி மெம்பரின்டெ பேரு தன்னே அதுக்கு வைக்காம், சாரே. ஒரு ஸ்மாரகம் ஆகட்டே!"

கக்கூஸ் எனக்கு ஞாபகச் சின்னமாம். ஒரே சிரிப்பு. குறுப்பு சாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் உட்கார்ந்து அழுவேன் என்று நினைத்திருப்பார்கள்.

"வைங்க. தீர்மானத்திலேயே எழுதுங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. முன்மொழிந்தது நாயர், ஆமோதித்தது அத்தனை பேர் சிரிப்பும். செக்ரட்டரி எழுதினார். வண்டிப்பேட்டை மூலையில் சும்மா கிடக்கும் இடம், என் பெயரில், பாஸ்!

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. கமிட்டி ரிகார்டில் நான் ஸ்ரீமதி செல்லம்மாள் ஆறுமுகம் பிள்ளை. பாதிப் பெயர் இவருடையது.

10-3, செவ்வாய்

நான் சொல்வதற்கு முன்பே கடைத்தெரு சொல்லிவிட்டது. கடையைப் பாதியில் விட்டுவிட்டு இவர் உள்ளே வந்தார்.

"ஏ பிள்ளே, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? எங்க பாட்டன் பேரு கோயில் கல்லுல கிடக்கு. என் பேரு கக்கூஸ் சொவத்துலயா? நாகர்கோவில் மாப்பிள்ளை வீட்டுக்காரன் கேள்விப்பட்டா நம்ம மீனாவ எடுப்பானா?"

"எடுக்காட்டா போட்டும் அத்தான். ஒண்ணுக்குப் போகாத மருமக வேணும்னா வேற எடத்துல தேடட்டும்."

கதவைச் சாத்திக்கொண்டு போனார். மீனா சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குள் ஓடினாள்.

12-3, வியாழன்

கமிட்டி பியூன் வந்தான். ஏழாம் நம்பரை "தற்காலம் நிறுத்தி வைத்திருக்கிறது" என்று சேர்மன் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஏனென்று கேட்டால் கால் விரலால் தரையைக் கீறுகிறான். கடைசியில் கக்கினான். "சாரு தன்னே வந்து பறஞ்ஞு அம்மா. நிங்ஙளெ சாரு."

இவரேதான்! நேற்று மத்தியானம் நான் வைத்த தீயலைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, நேரே சேர்மன் வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து என்னிடம் சுக்குக் காப்பி வேறு கேட்டார். கொடுத்தேனே. இருபது வருஷம் இந்த மனுஷனுக்குப் பொங்கிப் போட்டிருக்கிறேன்.

தங்கம்மை சந்தையில் இல்லை. இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில். மூத்திரத்தை அடக்கி அடக்கிக் குண்டிக்காய் வரைக்கும் பழுத்துவிட்டது என்று டாக்டர் திட்டினாராம். யாரைத் திட்டினார்? அவளை.

அழுதேன். துக்கத்தில் இல்லை.

13-3, வெள்ளி

சந்தையில் கடைகளுக்கு போர்டு எழுதுகிற ஆசாரியிடம் போனேன். தகரம், மரச்சட்டம், ஆள் உயரத்துக்கு மேல், நல்ல அகலம். மேலே மலையாளம், கீழே தமிழ். பெயர் முழுதாக, பாதி அல்ல.

"கட்டடம் எவிடே?" என்றார்.

"நீர் எழுதும். அது வரும்."

வளையல் ஒன்று சேட்டுக் கடையில் இருக்கிறது. போனால் போகட்டும்.

14-3, சனி

போர்டு நட்டாயிற்று, வண்டிப்பேட்டை மூலையில். சேர்மன் ஆள் விட்டார், எடுக்கணும் என்று. தீர்மானம் மீட்டிங்கில் பாஸானது, அதை நிறுத்த இன்னொரு மீட்டிங் வேண்டும், அவர் வீட்டு வராந்தா போதாது என்று சொல்லி அனுப்பினேன்.

பகலில் கூட்டம் கூடிச் சிரித்தது. சாயங்காலம் மீன்காரிகள் இரண்டு பேர் போர்டுக்குப் பின்னால் போய் வந்தார்கள். பிறகு கீரைக்காரி. பிறகு வரிசை. மற்ற மூன்று பக்கமும் கம்பு நட்டுச் சாக்கைக் கட்டியிருக்கிறார்கள். நடுவில் குழி, பக்கத்தில் மண் குவியல். சாக்கு எங்கிருந்து? பார்த்தேன். எங்கள் கடை முத்திரை, சிவப்பில், பளிச்சென்று. நான் கொடுக்கவில்லை, சத்தியமாக. மீனாவைக் கேட்டால் தெரியாது என்கிறாள், பல்லைக் காட்டிக்கொண்டு.

15-3, ஞாயிறு

ஆஸ்பத்திரி. தங்கம்மை கட்டிலில் பாதியாக இருந்தாள். போர்டைப் பற்றிச் சொன்னேன். சிரித்தால் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சிரிக்காமல்:

"சாக்கு மழைக்கு நிக்காதுக்கா."

அதுதான் எனக்கும் பயம். மழை வந்தால் எல்லாம் விழும், அவர்களும் மறந்துவிடுவார்கள்.

16-3, திங்கள்

மேகம்.

போர்டைக் கழற்ற சேர்மன் இரண்டு ஆள் அனுப்பினாராம், ஏணியோடு. காலையில் போனார்கள், திரும்பி வந்தார்கள். மத்தியானம் போனார்கள், திரும்பி வந்தார்கள். எப்போது போனாலும் உள்ளே ஒரு பெண் இருக்கிறாள். பெண் பிள்ளை உள்ளே இருக்கும்போது ஆண்கள் எப்படிக் கிட்டே போவது? மரியாதை இல்லையா!

இவர் கடையிலிருந்து வந்தார். முகம் கரி. கடைத்தெருவில் ஒருத்தன் "பிள்ளைவாளுக்குப் புதுக் கிளை திறந்தாச்சு போல" என்றானாம். தூணைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"அந்தச் சொவரு எப்பக் கட்டுவானுவ? இப்பிடிச் சாக்கும் கம்புமா நிக்கதுக்கு, ஒழுங்கா கட்டித் தொலைக்கச் சொல்லு."

"சேர்மன் வீட்டுக்கு வழி தெரிஞ்சது உங்களுக்குத்தானே அத்தான்."

சட்டையை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார்.