என் வாயை மூட ஒரு ஸ்பெஷலிஸ்ட்

தாராவி,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகள் ஜெனிக்கு,

சித்தப்பா இன்னாசிமுத்து எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே உன் சித்தியும் நானும், என் தாடை ஒன்று நீங்கலாக, நலம். அயர்லாந்தில் நீ தாடை உட்பட முழுசாக நலமாயிருக்கிறாய் என்று அறிய ஆசை. இப்போது நான் எழுதப்போவது தாராவியிலிருந்து தாணே வரை ஒரு மனிதப்பிறவியும் நம்பாத கதை. நீயும் நம்பமாட்டாய் என்று வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்து உறுதி கூறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நான் குளிக்கிறேன் என்று சித்தி சொன்னாள், இரண்டு மணிநேரம் கழித்து நீ திரும்பச் செய்தபோதும் குளிக்கிறேன் என்றாள். நம் சந்தில் தண்ணீர் வருகிற லட்சணத்துக்கு எவன் அவ்வளவு நேரம் குளிப்பான்? நான் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன், பேசத்தான் வழியில்லை.

நடந்தது சனிக்கிழமை. தாணேயில் தமிழ்ச் சங்க விருந்தில் எனக்கு வைத்த இட்லியின் அளவை நம் சந்து ஜனங்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். கையால் காட்டியது போதவில்லை, வாயால் காட்டுவோம் என்று திறந்தேன். இட்லி உண்மையில் சின்னதுதான், மேலே இருப்பவருக்கு அது பொறுக்கவில்லை. காதுக்கடியில் இரண்டு பக்கமும் கடக்கென்று ஒரு சத்தம், திறந்த வாய் திறந்தபடி நின்றுவிட்டது. ஆ என்கிறேன், மறுபடியும் ஆ என்கிறேன், அடுத்த எழுத்துக்குப் போக முடியவில்லை. தோல் பட்டறை வேல்ராஜ் கைதட்டி, "அண்ணாச்சி என்னமா நடிக்காரு பாருங்கவே!" என்றான். உன் சித்தி அடுப்படியிலிருந்தே, "போதும், வாயை மூடுங்க" என்றாள். முப்பது வருஷமாக அவள் தினம் சொல்கிற அந்த வார்த்தைக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக மனதாரக் கீழ்ப்படிய ஆசைப்பட்டேன், முடியவில்லை. எச்சில் வடிந்து சட்டை நனைந்ததைப் பார்த்த பிறகுதான் அவள் முகம் மாறியது.

பேச முடியாதவன் எழுதலாமே என்று காலண்டர் தாளைக் கிழித்து "தாடை" என்று கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினேன். சித்தி மராத்திப் பள்ளியில் படித்தவள், தமிழ் அவளுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். தா, டி, தாடி என்று வாசித்தாள். அது வாசிப்புக் கோளாறா, பன்னிரண்டு வருஷமாக என் தாடிமேல் வைத்திருந்த வஞ்சமா என்பது அவளுக்கும் ஆண்டவருக்கும்தான் வெளிச்சம். "அந்தப் பாரந்தான் வாயைக் கீழ இழுக்குது, எந்திரிங்க" என்று நகுல் சலூனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நகுல் நுரை பூசி, "அங்கிள், தோடா மூ பந்த் கரோ", கொஞ்சம் வாயை மூடுங்கள் என்று இந்தியில் கெஞ்சினான். ஆ என்றேன். ராஜகம்பீரத் தாடி போயிற்று, வாய் மூடவில்லை. நகுல் பயந்துபோய் கத்தியை வைத்துவிட்டு, எங்களைப் பக்கத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

பல் டாக்டர் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். "பல் என்றால் நான் பார்ப்பேன், இது மூட்டு கழன்ற கேஸ். நேரமாக ஆகச் சதை இறுகிவிடும், அப்புறம் மயக்கம் கொடுத்துத்தான் ஏற்ற வேண்டிவரும். உடனே ஓரல் அண்ட் மேக்ஸிலோஃபேஷியல் சர்ஜனிடம் போங்கள்" என்றார். சித்தி காதில் அதன் வால்தான் விழுந்தது. "வாய் மூடாம நிக்க மனுஷனுக்கு ஃபேஷியல் ஒரு கேடா?" என்று சீறினாள். அவர் பொறுமையாக, அம்மா, இது அழகு நிலைய ஃபேஷியல் இல்லை, வாய், தாடை, முக எலும்பு எல்லாவற்றுக்குமான ஸ்பெஷலிஸ்ட், பல் வைத்தியத்தில் சுப்ரீம் கோர்ட் மாதிரி என்று விளக்கி, மாட்டுங்காவில் டாக்டர் உமைராவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

வழியில் நடந்ததைக் கேள். குடிசைகளை அளந்து கதவில் நம்பர் எழுத வந்த சர்வேக்காரர்கள் என் வாயைக் கண்டு நின்று, நீள அகலம் எடுத்து, முன்பல்லில் நம்பர் எழுதப் பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். வாடகைக்குக் கோலி, அதாவது ஒற்றை அறை, பிடித்துத் தருகிற புரோக்கர் ஒருவன் எட்டிப்பார்த்து, காற்றோட்டம் ஜோர், மேலே பரண் போட இடம் உண்டா என்று சித்தியிடம் விசாரித்தான். பஸ்ஸில் கண்டக்டர் "புடே சலா, புடே சலா" என்று கூட்டத்தை முன்னால் தள்ள, இரண்டு பேர் என் வாய்க்குள் ஏறப் பார்த்தார்கள். சித்தி வழி நெடுக முந்தானையால் என் வாயை மூடிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

டாக்டர் உமைரா ஊதினால் பறந்துவிடும் ஒல்லிப் பெண். சித்தி அவளிடம் இந்தியில் ஒரு தரம், மராத்தியில் ஒரு தரம், கடைசியில் தமிழில் ஒரு தரம் ஒரே கேள்வியைக் கேட்டாள், "இவரு இனிப் பேசுவாரா?" டாக்டர் இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றி என் கடைவாய்ப் பற்கள்மேல் வைத்துக் கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினாள். டொக்! மாட்டுங்கா ஸ்டேஷனில் லோக்கல் ரயில்கள் திடுக்கிட்டு நின்றன. "மூடியாச்சும்மா" என்றாள் டாக்டர். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டு, நாலு நாள் பேசக்கூடாது, கஞ்சிதான், மூன்று வாரத்துக்கு வாயை அகலமாகத் திறக்கக்கூடாது என்றாள். அதற்குள் தெம்பு வந்துவிட்ட சித்தி, "நாலே நாள்தானா டாக்டர்?" என்று கேட்டாள்.

ஆனால் இரண்டு நாள்தான் தாங்கினாள். நேற்றுச் சாயங்காலம் பேப்பரையும் பேனாவையும் என் மடியில் போட்டு, "வீடே செத்துக் கெடக்கு, பிள்ளைக்கு எதையாவது புளுகி எழுதுங்க" என்றாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆபரேஷன் ஒன்றும் தேவையில்லை, பதறிப்போய் டிக்கெட் போட்டுவிடாதே. நீயும் கொட்டாவி வந்தால் மோவாயைக் கையால் தாங்கிக்கொள். ஆப்பிளை அப்படியே கடிக்காமல் நறுக்கித் தின்னு. குளிரில் காதை மூடாமல் டியூட்டிக்குப் போகாதே. நாளைக்குக் கட்டு அவிழ்க்கிறார்கள், வருகிற ஞாயிறு மறக்காமல் போன் செய். மெதுவாகப் பேசுவேன், சுருக்கமாகப் பேசுவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. மாதாவின் துணையும் எங்கள் இருவர் ஆசீர்வாதமும் உன் தலைமேல் குடையாக இருக்கட்டும்.

தற்காலிகமாக வாய் மூடியிருக்கும்
உன் சித்தப்பா,
இன்னாசிமுத்து

பி.கு.: இதில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்பது உன் இஷ்டம். நான் கூட்டாமல் குறைக்காமல் எழுதியது ஒரு சின்ன இடம் மட்டும்தான். உன் சித்தி அந்தக் கேள்வியை மூன்று பாஷையிலும் கேட்டது நிஜம். தமிழில் கேட்கும்போது அவளுக்குக் குரலே வரவில்லை.