அண்ணன் கயிற்றின் மறுமுனை

மார்ச் 3

இரண்டே பேர் பனிமலை ஏறினால், ஒருவர் பனிப்பிளவில் விழும்போது தூக்கிவிட மற்றவரை விட்டால் வேறு நாதியில்லை. பயிற்சியாளர் முதல் வகுப்பிலேயே இதைச் சொன்னார். அண்ணன் அப்போது தன் புது பூட்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். ஜூனில் நானும் அவனும் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு போகிறோம்.

மார்ச் 10

தடித்த கயிற்றின்மேல் மெல்லிய கயிற்றை மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட வேண்டும். பாரம் விழுந்ததும் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பிடிக்காது. கையுறையோடு போட்டுப் போட்டு விரலெல்லாம் வலி. அண்ணன் ஒரே தடவை போட்டுவிட்டு, "இவ்ளோதானா?" என்று டீ குடிக்கப் போய்விட்டான்.

மார்ச் 17

அண்ணன் வரவில்லை. தலைவலியாம். அண்ணி போட்ட போட்டோவில் தியேட்டரில் பாப்கார்னோடு இருக்கிறான்.

மார்ச் 24

இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

கல்குவாரியில் தேர்வு. கீழே ஒருவர் தொங்க, மேலே இருப்பவர் அந்தப் பாரத்தைத் தன் இடுப்பில் தாங்கியபடி பாறையில் பிடிமானம் அமைத்து, பாரத்தை அதற்கு மாற்ற வேண்டும். அது பிடித்துவிட்டதா என்று பார்த்த பிறகே கயிற்றிலிருந்து தன்னை அவிழ்க்கலாம். முதலில் அவனை நான் தூக்கினேன். தடியன். கப்பி போட்டு இழுத்ததில் நாக்குத் தள்ளிவிட்டது. ஆனால் தூக்கிவிட்டேன்.

அடுத்து அவன் முறை. பார்க்கவில்லை. அப்படியே அவிழ்த்துவிட்டான். நான் போய்விட்டேன் கீழே — பயிற்சியாளர் தனியாகக் கட்டியிருந்த கயிறு பிடித்ததால் இதை எழுதுகிறேன்.

மேலிருந்து சிரிப்புச் சத்தம். அவன்தான்! அப்புறம் வகுப்பில் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டு, கையாலேயே இழுத்து என்னை மேலே போட்டான். எல்லாரும் கை தட்ட, இவன் கும்பிடு போடுகிறான். பனியில் இந்தக் கூட்டம் எங்கிருந்துடா வரும்? கேட்டால், "நீ ஏன் விழப்போற? பாத்து நடந்தா போச்சு" என்கிறான். த்தூ.

மார்ச் 25

வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். "கூடப்பொறந்தவளே காலை வாரிட்டா" என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஏப்ரல் 14

அவன் பயணம் ஒன்றும் நின்றுவிடவில்லை. என் இடத்தில் அண்ணியின் தம்பி போகிறான். மருந்துக் கம்பெனியில் வேலை. கயிறு என்றால் துணி காயப்போடத்தான் தெரியும். குவாரியில் நடந்ததைப் போனில் ஒன்றுவிடாமல் சொன்னேன். "மாமா பாத்துப்பாருக்கா" என்றான். அண்ணியிடமே போய்ச் சொன்னேன். "சொந்த அண்ணன்மேல இவ்ளோ வயித்தெரிச்சலா உனக்கு?" என்று உள்ளே போய்விட்டாள்.

இதற்குமேல் என்ன செய்ய? காலில் விழவா?

ஜூன் 2

கிளம்பிவிட்டார்கள். வழியனுப்ப நான் போகவில்லை.

ஜூன் 19

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். அண்ணியின் தம்பிக்கு இடுப்பெலும்பு முறிவு. பிளவில் முதலில் விழுந்தது கொஞ்சம்தானாம். அண்ணன் தன்னை அவிழ்த்துக்கொண்ட பிறகுதான் மீதி ஆழம். அந்த வழியாக வந்த வேறொரு குழு தூக்கியிருக்கிறது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், "நாங்க இழுத்தோம் பாருங்க" என்று அண்ணன் கதை சொல்கிறான். அடிபட்டவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான், பாவம். அண்ணி என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

வெளியே வந்தேன். அண்ணனும் பின்னாலேயே வந்தான். முகத்தைப் பார்த்தால் அழப்போகிறவன் மாதிரி இருந்தது. தோளில் கை வைக்கலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன்.

"இவனால இனிமே ஏற முடியாதாம்" என்றான். "அடுத்த வருஷம் நீயே வந்துடேன்."