அட்டைக்கு வைத்த பீடி

எனக்கு மூத்தவனாகப் பிறந்து எனக்கு முன்னே போய்விட்ட அண்ணே,

இந்த வருஷம் ஏலக்காய்க்கு நல்ல விலை. நம் தேவாரம் ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசுக்கு டிவி வந்துவிட்டது. சாயங்காலமானால் ஊரே அங்கே போய் உட்கார்ந்துவிடுகிறது. டிவி கோபுரம் இருக்கிற கொடைக்கானலில் மழை என்றால் படம் போய் இரைச்சல் மட்டும் வரும். அதையும் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

அதைச் சொல்ல எழுதவில்லை. உன் மகன் முருகேசனுக்குப் பதினைந்து முடிந்துவிட்டது. பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்து, போன வாரம் முதல்முறையாக மலைமேல் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கக் கிளம்பினான். மதினிதான் பையை நிரப்பினாள். கம்பளி, அரிசி, கருவாடு. கடைசியாக ஒரு கட்டுப் பீடியும் தீப்பெட்டியும்.

"என்ன மதினி இது?" என்றேன்.

"அட்டைக்குத்தான். மழை நேரத்துல மலைக்கு வெறுங்கையாவா அனுப்புறது?" என்றாள், பையின் வாயைக் கட்டிக்கொண்டே.

அவளை மட்டும் எப்படிக் குறை சொல்வது? நம் ஊரில் மலைப் பீடியை யாரும் பீடியாக நினைப்பதே இல்லையே. காலில் அட்டை ஏறினால் பீடி நெருப்பைக் காட்ட வேண்டும், சுருண்டு விழும். நெருப்பு அணையாமல் இருக்க இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும். இதே வயதில் உனக்கு நம் அய்யாவே வாங்கிக் கொடுத்தார். ஊருக்குள் நீ ஒரு பீடியோடு நின்றிருந்தால் முதுகுத்தோலை உரித்திருப்பார். மலையில் அது மண்வெட்டி மாதிரி ஒரு சாமான்.

அட்டை மழைக்குத்தான் வரும். நீ வெயில் காலத்திலும் பிடித்தாய். கூட வேலை பார்த்தவர்கள், குளிருக்கு இதம் என்று பீடித்தூளுக்குள் கஞ்சாவைத் திணித்துக் கொடுத்தார்கள். பீடி பழகிய நெஞ்சுக்கு அது புதிதாகவே தெரியவில்லை என்று நீயே என்னிடம் சொன்னாய். மலையிலிருந்து இறங்கினால் சோற்றைப் பிசைந்துகொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாய். கூப்பிட்டால் சிரிப்பாய். முருகேசன் பிறந்ததும் கஞ்சாவை விட்டாய், பீடியை விட முடியவில்லை. அப்புறம் இருமல். மூட்டையோடு மலைப்பாதையில் ஓடிய ஆள், வாசற்படி ஏறவே மூச்சு வாங்கினாய்.

மதுரை ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், "எந்த வயசுல பிடிக்க ஆரம்பிச்சீங்க?" என்று கேட்டார்.

"எனக்கு அந்தப் பழக்கமே இல்லீங்களே. மலைக்குப் போனா அட்டைக்கு வச்சுக்கிறதுதான்" என்றாய். பொய் சொல்கிற முகமாக இல்லை அது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை அண்ணே.

போன வாரம் முருகேசன் கிளம்பிய அன்றைக்கு, மதினி கட்டிய பையைப் பிரித்தேன். பீடிக்கட்டை அடுப்பில் போட்டேன். பழைய துணியில் கல் உப்பை முடிந்து, குச்சி நுனியில் கட்டி உன் மகன் கையில் கொடுத்தேன். காய் எடுக்கப் போகிற பெண்கள் அதைத்தானே வைத்திருக்கிறார்கள். ஈரத்தோடு ஒற்றினால் போதும், அட்டை விழுந்துவிடும்.

"அத்தை, இது பொம்பளைக வச்சுக்கிறதுல்ல? எல்லாரும் சிரிப்பாக" என்றான்.

"சிரிச்சாச் சிரிக்கட்டும்லே. உங்கப்பாவப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கல. என்ன ஆச்சு?"

மதினி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அட்டைக்குத்தானே வச்சேன், அட்டைக்குத்தானே" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று இறங்கி வந்தான். கெண்டைக்காலெல்லாம் அட்டை கடித்த தடம். சட்டையை வாங்கி மோந்து பார்த்தேன், புகை வாடை. குளிர் காய்ந்த விறகுப் புகையா, வேறு புகையா? அவனாகத்தான் வாயைத் திறந்தான்.

"உப்பு கரைஞ்சு போச்சு அத்தை. இந்த வாட்டி கொஞ்சம் பெருசாக் கட்டுங்க."

நான் எழுந்திருப்பதற்குள் மதினி உப்புச்சட்டியை எடுத்துவிட்டாள்.

மலையில் கஞ்சாவும் இருக்கிறது, அதை நீட்டுகிற கைகளும் இருக்கின்றன. அவற்றை என்னால் என்ன செய்ய முடியும்? ஆனால் இனி நம் வீட்டிலிருந்து ஒரு பீடிகூட மலை ஏறாது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் தங்கச்சி,
உன் மகனுக்கு அத்தை,
பேச்சியம்மாள்